உள்ளே எத்தனை பேர்?

சிவகாசி வட்டாரத்தில் நிரல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு மூன்று வகை வேலை வரும். அச்சகத்துக்குக் கணக்கு மென்பொருள், பட்டாசுக் கடைக்குத் தீபாவளி ஆர்டர் எடுக்கும் வலைத்தளம், ஆலைக்கு வருகைப் பதிவு. முதல் வேலையில் பணம் மெதுவாக வரும், ஆனால் வந்துவிடும். இரண்டாவது, 2018 அக்டோபரில் இணையவழிப் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும் ஒடுங்கிப்போனது. நான் அதிகம் செய்தது மூன்றாவது வேலை. அதுவும் கடையில் ஒரு கருவி வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு வருகிற வேலை இல்லை. சில்லு பதித்த அட்டைக்குள் ஓடும் நிரல் ஒன்று, அந்த அட்டையைப் படிக்கும் கருவியோடு பேசும் நிரல் இன்னொன்று. இரண்டையும் ஜாவாவில் எழுதுவது என் தொழில்.

தொழிலைக் கற்றது சென்னையில், சிம் கார்டில். ஸ்மார்ட்போனுக்கு முந்திய காலத்தில் ஜாதகம் பார்க்க, கிரிக்கெட் ஸ்கோர் கேட்க என்று போனில் ஒரு மெனு வருமே, அது போனுக்குள் இருந்ததில்லை. சிம்முக்குள் இருந்து வந்தது. அந்த மெனுவை எழுதும் கூட்டத்தில் நானும் ஒருவன். விருதுநகருக்குத் திரும்பியபோது கைவசம் இருந்தது இந்த ஒரு வித்தைதான். பருப்பும் எண்ணெயும் மிளகாய் வத்தலும் விற்கிற ஊரில் அதை யார் கேட்பார்கள்? கேட்டவர்கள் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கத்து ஆலைக்காரர்கள்.

அட்டைக்குள் இருப்பது

வங்கி அட்டையின் அளவு உலகம் முழுக்க ஒன்றுதான். நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் 53.98, கனம் 0.76. மேலே தங்க நிறத்தில் தெரிவதைச் சில்லு என்று பலரும் நினைக்கிறார்கள். அது தொடுதகடு. சில்லு அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு பிளாஸ்டிக்குக்குள் புதைந்திருக்கும். தகட்டை உற்றுப் பார்த்தால் கோடு பிரித்த ஆறு அல்லது எட்டுக் கட்டங்கள் தெரியும். ஒன்றில் மின்சாரம் ஏறும், ஒன்று எர்த், ஒன்றில் கடிகாரத் துடிப்பு, ஒன்று முதலிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு. தகவல் போவதும் வருவதும் ஒரே ஒரு கட்டம் வழியாகத்தான்.

அட்டைக்குச் சொந்தமாக பேட்டரி கிடையாது. கருவியில் செருகியதும் உயிர் வரும். 'நான் இன்ன வகை அட்டை' என்று சில பைட்டுகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். கேள்வி கேட்கும் முறை ஐஎஸ்ஓ 7816 என்ற தரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தலைப்பில் நான்கு பைட்: எந்த வகுப்புக் கட்டளை, எந்தக் கட்டளை, அதற்கு இரண்டு அளவுருக்கள். பிறகு தரவின் நீளம், தரவு. இந்தப் பொட்டலத்துக்கு ஏபிடியு என்று பெயர். பதிலின் கடைசி இரண்டு பைட்டில் தீர்ப்பு வரும். 9000 என்றால் ஆயிற்று. 6700 என்றால் நீளம் தப்பு. 6982 என்றால் உனக்கு அனுமதி இல்லை. 6983 என்றால் பூட்டிவிட்டேன். 6985 என்றால் இப்போது இருக்கும் நிலையில் அதைச் செய்ய மாட்டேன். இந்தக் கடைசி எண்ணை நினைவில் வையுங்கள். என் தொழிலில் அதிகச் சண்டை அதனால்தான் வந்தது.

பிரான்ஸில் ரோலான் மொரேனோ சில்லு அட்டைக்குக் காப்புரிமை கேட்டது 1974-இல். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒவ்வொரு கம்பெனி அட்டைக்கும் ஒவ்வொரு விதமாக, சில்லின் சொந்த மொழியில் எழுத வேண்டியிருந்தது. 1996-இல் ஸ்லம்பர்ஜர் கம்பெனியின் பொறியாளர்கள் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஜாவாவின் ஒரு சிறு பகுதியை அட்டைக்குள் ஓடவைத்தார்கள். ஜாவா கார்டு பிறந்தது அப்படித்தான். ஒரு தடவை எழுதிய நிரல் எந்தக் கம்பெனி அட்டையிலும் ஓடும் என்ற வாக்குறுதியோடு வந்தது. முழுக்க இல்லாவிட்டாலும் பெரும்பாலும் அது பலித்தது.

எங்கள் பகுதியில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. 1984-இல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் கல்லூரியின் பெயரிலேயே உலோகப் பொடித் தொழில் இருக்கிறது. பட்டாசில் வெளிச்சம் காட்டும் அலுமினியப் பொடி செய்கிற தொழில்தான் இங்கே கணிப்பொறிப் பொறியாளர்களையும் உருவாக்கியது. இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் படித்துவிட்டு, "ஜாவா நல்லா தெரியும் சார்" என்று என்னிடம் வேலைக்கு வருகிற பிள்ளைகளை அட்டை முதல் நாளே மிரட்டிவிடும். அங்கே ஸ்ட்ரிங் கிடையாது. தசம எண் கிடையாது. சாதாரண முழு எண்கூடப் பல அட்டைகளில் இல்லை. 16 பிட் எண்தான், அது 32,767 வரைதான் எண்ணும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் கழித்தல் குறியோடு திரும்பி வரும். நான் அதிகம் பயன்படுத்திய அட்டைகளில் நிரந்தர நினைவகம் 40 கிலோபைட். தற்காலிக நினைவகம் சில கிலோபைட், அதிலும் நமக்குக் கிடைப்பது ஒரு பங்கு.

இன்னொன்று. மேசைக் கணினியில் ஜாவா நிரலை மூடினால் அது உருவாக்கிய பொருள்கள் எல்லாம் அழிந்துபோகும். அட்டையில் அப்படி இல்லை. அங்கே உருவாக்கிய பொருள் மின்சாரம் போனாலும் அப்படியே இருக்கும். அடுத்த மாதம் செருகினாலும் விட்ட இடத்தில் நிற்கும். வேலை முடிந்த பொருள்களைக் குப்பையாக அள்ளி இடத்தை மீட்டுத் தரும் வசதியும் பல அட்டைகளில் இல்லை. ஆகவே வேண்டிய இடத்தையெல்லாம் நிறுவும்போதே ஒரே தடவையில் பிடித்துவிட வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் புதுப் பொருள் உருவாக்கினால் கொஞ்ச நாளில் அட்டை நிறைந்து செத்துப்போகும். நிரந்தர நினைவகத்துக்கும் ஆயுள் உண்டு. ஒரே இடத்தில் ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் தடவை எழுதலாம், வகையைப் பொறுத்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை வாசலில் காட்டும் அட்டைக்கு அது தாராளம். கணக்குப் போடும்போது இடைவிடைகளையும் அங்கேயே எழுதும் பிள்ளைகளுக்கு அது போதாது.

கருவிப் பக்கத்து ஜாவாவில் தொல்லை வேறு வகை. ஜாவா 6 வந்தபோது அட்டைக் கருவியோடு பேசும் தொகுப்பும் கூடவே வந்தது. அதற்கு முன்பு கருவி செய்த கம்பெனி தரும் இணைப்பை நம்பித்தான் பிழைப்பு. புதிய தொகுப்பில் பத்து வரியில் அட்டையோடு பேசிவிடலாம். ஆனால் ஜாவாவில் பைட்டுக்குக் கழித்தல் குறி உண்டு. 90 என்று அட்டை அனுப்பும் பதினாறடிமான எண்ணை அப்படியே அச்சிட்டால் திரையில் மைனஸ் 112 என்று வரும். அதைப் பார்த்து அட்டை கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். 64 பிட் லினக்ஸில் கருவியின் நூலகம் எங்கே இருக்கிறது என்று ஜாவாவுக்குக் கையைப் பிடித்துக் காட்ட வேண்டியிருக்கும். விண்டோஸ் 8 முதல், கடைசிக் கருவியைப் பிடுங்கியதும் அட்டைச் சேவையே நின்றுவிடும். திரும்பச் செருகினாலும், ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா நிரலுக்கு அது தெரியாது. வாட்ச்மேன் மேசையைத் துடைக்கும்போது வயர் கழன்றால் அன்றைய பதிவு முழுக்கப் போகும் என்று அர்த்தம். ஆகவே கருவி காணாமல் போனால் நிரல் தன்னைத் தானே நிறுத்தி மீண்டும் எழும்படி எழுதுவது எங்கள் வழக்கம்.

மருந்து இருக்கும் இடம்

பட்டாசு ஆலை வெளியூர்க்காரர் நினைக்கிற மாதிரி ஒரே கட்டடம் இல்லை. கரிசல் காட்டில், விதிப்படி இடைவெளி விட்டு, தனித்தனியாக நிற்கும் சிறு அறைகள். மருந்து கலக்க ஓர் அறை, செலுத்த ஓர் அறை, திரி வைக்க ஓர் அறை. ஆலையின் அளவைப் பொறுத்து உரிமம் கொடுக்கும் அதிகாரி மாறுவார். எங்கள் பக்கம் பேச்சில் அது நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டிஆர்ஓ லைசென்ஸ். நாக்பூர் என்றால் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம். எந்த அறையில் எவ்வளவு மருந்து இருக்கலாம், எத்தனை பேர் உட்காரலாம் என்பதற்கு வரம்பு உண்டு. மருந்து வேலை நடக்கும் அறைக்கு நான்கு பேர் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

அந்தப் பகுதிக்குள் செல்போன் போகக் கூடாது. வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பருத்தித் துணி உடுத்த வேண்டும். கலவை அறைக்குள் நுழையும் முன் எர்த் செய்த உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த நிலைமின்னை இறக்கிவிட வேண்டும். பகல் வெளிச்சத்தில்தான் வேலை. இப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு கருவி மாட்டலாம் என்று மதுரையிலிருந்து ஒரு விற்பனையாளர் விலைப்பட்டியலோடு வந்தார். ஃபோர்மேன் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. மின்சாதனத்துக்கு இடம் வெளிக் கேட்டோடு சரி. எங்கள் கருவி, கணினி, யுபிஎஸ் எல்லாமே மருந்திலிருந்து தள்ளி, கேட்டருகில் இருக்கும் ஆபீஸ் அறையில்தான் இருந்தன.

முதலாளிகளுக்கு வருகைப் பதிவு தேவைப்பட்டது சம்பளத்துக்காக. வாரச் சம்பளம், சனிக்கிழமை பட்டுவாடா. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்கள், நாள் கூலிக்காரர்கள், கம்பெனி வண்டியில் வருகிறவர்கள், சொந்தமாக வருகிறவர்கள் என்று கணக்குப்பிள்ளையின் நோட்டு குழம்பிக் கிடக்கும். "தம்பி, அட்டை வச்சா இந்த நோட்டு ஒழியும்ல?" என்று கேட்டுத்தான் பேச்சு தொடங்கும்.

எனக்கு வேறு கணக்கு இருந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடி வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் இந்த மாவட்டம் பார்த்த விபத்துகளில் எல்லாம் தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: உள்ளே எத்தனை பேர்? அதற்கு நோட்டுப் பதில் சொல்லாது. காலையில் எழுதிய பெயர்தான் அதில் இருக்கும். மதியம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனவர், வேறு அறைக்கு மாற்றப்பட்டவர் யாரும் அதில் சரியாக இருக்க மாட்டார்கள். வருகைப் பதிவு என்று விலை பேசினாலும், இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லாத ஒரு பதிலைத்தான் நான் எழுத முயன்றேன்.

பாதியில் பிடுங்கிய அட்டை

அட்டைக்குள் நான் வைத்தது கொஞ்சம்தான். ஆள் எண், ஒதுக்கிய அறை எண், உள்ளேயா வெளியேயா என்ற நிலை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்று கூடும் எண்ணி, கடைசிச் சில வரவு போக்குகளின் சுழல் பதிவு. கட்டளையும் கொஞ்சம்தான்: உள்ளே, வெளியே, படி. உள்ளே என்று இருக்கும் அட்டைக்கு மறுபடி 'உள்ளே' என்று சொன்னால் 6985 வரும். ஒருவர் உள்ளே போய்விட்டு, வேலிக்கு மேல் அட்டையை நீட்டி இன்னொருவரை அழைத்துக்கொள்ளும் வழி அதனால் அடைபட்டது.

சிக்கல் அவசரத்தில் வந்தது. கம்பெனி வண்டி வந்து நின்றதும் முப்பது நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். விளக்கு எரிவதற்கு முன்பே அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். பீஸ் ரேட்டில் ஒவ்வொரு நிமிடமும் காசு. அட்டை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் நிலை மாறியிருக்கும், எண்ணி கூடியிருக்காது. அல்லது இரண்டும் ஆகி, பதிவு விழுந்திருக்காது. 2012-இல் தென் மாவட்டங்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. யுபிஎஸ் பேட்டரி சார்ஜ் ஏறவே நேரம் கிடைக்காத நாட்கள் அவை. பிடுங்குகிற கை ஒரு பக்கம், போகிற கரண்ட் ஒரு பக்கம்.

ஜாவா கார்டை வடிவமைத்தவர்கள் இதை முதலிலேயே யோசித்திருந்தார்கள். அட்டைக்குள் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கலாம், முடிக்கலாம். இடையில் எழுதியதெல்லாம், முடித்தால் மொத்தமாக நிற்கும். முடிக்கும் முன் மின்சாரம் போனால், அடுத்த தடவை செருகும்போது அட்டை தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பாதி என்பதே அங்கே இல்லை. இதற்கும் எல்லை உண்டு. பரிவர்த்தனைக்கென ஒதுக்கிய இடம் சிறியது, அதில் பெரிய பதிவுகளைத் திணித்தால் நிரம்பிவிட்டது என்று பிழை வரும். ஆகவே நிலை, எண்ணி, ஒரு வரிப் பதிவு, அவ்வளவுதான் உள்ளே. கடவு எண் வைத்த அட்டையில், தவறான முயற்சிகளை எண்ணும் எண்ணி மட்டும் பரிவர்த்தனைக்குக் கட்டுப்படாது. கட்டுப்பட்டால், தவறாக அடித்துவிட்டு அட்டையைப் பிடுங்கி, எண்ணியைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய் எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம் அல்லவா? அந்த ஓட்டையையும் அவர்களே அடைத்திருக்கிறார்கள்.

ஆனால் அட்டை மட்டும் ஒழுங்காக இருந்தால் போதாது. அட்டை எழுதி முடித்துவிட்டு 9000 என்று சொல்ல வாய் திறக்கும் கணத்தில் பிடுங்கினால்? அட்டையின் கணக்கில் அவர் உள்ளே. கணினியின் கணக்கில் அவர் வரவே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே கணத்தில் ஒப்புக்கொள்ளவைக்க எந்த நிரலாலும் முடியாது, செய்தி எந்த இடத்திலும் அறுந்துபோகலாம். நாங்கள் செய்தது இதுதான். கணினி முதலில் 'இந்த அட்டைக்கு, இந்த எண்ணியோடு, உள்ளே என்று சொல்லப் போகிறேன்' என்று கோப்பில் எழுதும். அது டிஸ்கில் இறங்கிவிட்டது என்று உறுதி செய்யும். பிறகுதான் அட்டைக்குக் கட்டளை. 9000 வந்தால் முடிந்தது என்று எழுதும். வராவிட்டால் அந்த ஆள் 'சந்தேகம்' என்ற பட்டியலில் சிவப்பாக நிற்பார். அடுத்த தடவை அந்த அட்டையைக் காட்டும்போது அதன் எண்ணியும் கணினியின் எண்ணியும் ஒப்பிடப்படும். ஒன்று கூடியிருந்தால் எழுதியது நின்றது, கூடாமல் இருந்தால் நிற்கவில்லை.

சந்தேகத்தில் இருப்பவரை எந்தப் பக்கம் எண்ணுவது? இதைப் பற்றி என்னோடு வேலை செய்தவர்கள் நெடுநேரம் வாதாடினார்கள். சம்பளத்துக்கு ஒரு பதில், விபத்துக்கு ஒரு பதில் என்று முடித்தோம். சம்பளக் கணக்கில் மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். விபத்துப் பட்டியலில் சந்தேகம் உள்ளவர் உள்ளே இருப்பவர்தான். வீட்டில் உட்கார்ந்திருப்பவரை இடிபாட்டில் தேடினால் நேரம் போகும். இடிபாட்டில் இருப்பவரை வீட்டில் இருக்கிறார் என்று விட்டுவிட்டால் உயிர் போகும். பட்டியலின் நகல் கேட் அறையில் மட்டும் இருந்தால் பயனில்லை என்பதால், சில நிமிடத்துக்கு ஒரு தடவை டவுன் ஆபீஸுக்கும் போகும்படி வைத்தோம். சிக்னல் கிடைக்கும்போது போகும், கிடைக்காதபோது வரிசையில் காத்திருக்கும்.

ரேகை அழிந்த விரல்

"எதுக்கு அட்டை? விரலை வச்சா போதாதா?" என்று கேட்காத முதலாளி இல்லை. அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளிப் பூச்சாக மாறிய விரலையும், பசையும் காகிதமுமாக ஆண்டுக்கணக்கில் குழாய் சுருட்டி ரேகை தேய்ந்த விரலையும் கருவியில் வைத்துக் காட்டினால் கேள்வி நின்றுவிடும். "கண்ணாடில என் விரல் தெரியலயாம் தம்பி, நான் இருக்கேனா இல்லையான்னு அதுக்கே சந்தேகமாம்" என்று ஓர் அக்கா சிரித்தார். 2020 அக்டோபரில் ரேஷன் கடைக்கும் விரல்ரேகை வந்தபோது தமிழ்நாடு முழுக்க வயதானவர்கள் அனுபவித்ததை எங்கள் ஆலைப் பெண்கள் அதற்கு முன்பே அனுபவித்திருந்தார்கள்.

செருகும் அட்டையிலும் பொடி படியும். தொடுதகட்டில் மெல்லிய படலம் இருந்தால் அட்டை பேசாது. துடைத்தால் பேசும், மறுநாள் மீண்டும் படியும். ஆகவே தொடாமலே பேசும் அட்டைக்கு மாறினோம். 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சில சென்டிமீட்டர் தூரத்தில், கருவியின் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வகை. உள்ளே அதே ஜாவா நிரல், அதே கட்டளைகள். பாதியில் விலக்கும் தொல்லை மட்டும் கூடியது. பரிவர்த்தனை இருந்ததால் தாங்கியது.

இங்கேதான் விலைப் பேச்சு வரும். மைஃபேர் கிளாசிக் என்ற அட்டை சல்லிசு. ஜாவா கார்டு பல மடங்கு விலை. "ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளையாத்தானே இருக்கு அண்ணாச்சி?" என்பார்கள். மைஃபேர் கிளாசிக்கில் நிரல் ஓடாது. பதினாறு பெட்டிகள், பெட்டிக்கு ஒரு சாவிச் சோடி, அவ்வளவுதான். அதன் ரகசிய முறையை 2007 கடைசியிலும் 2008-இலும் ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டார்கள். இன்று சாதாரணக் கருவியில் நகல் எடுக்கலாம். அதைவிட மோசம், சந்தையில் விற்கும் வருகைப் பதிவுக் கருவிகளில் பல அந்தச் சாவியைக்கூடக் கேட்பதில்லை. அட்டை உரக்கச் சொல்லும் வரிசை எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிடும். அந்த எண்ணைச் சொல்லும் போலி அட்டை எங்கும் கிடைக்கும்.

ஜாவா கார்டில் அட்டை தன்னை நிரூபிக்க வேண்டும். கருவி எட்டு பைட் தற்செயல் எண் ஒன்றை அனுப்பும். அட்டை தன் சாவியால் அதை மறைத்துத் திருப்பித் தரும். சாவி வெளியே வருவதே இல்லை. ஒவ்வோர் அட்டைக்கும் தனிச் சாவி. மூலச் சாவியையும் அட்டையின் எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டு எடுத்தது. ஓர் அட்டையை யாராவது உடைத்தாலும் மற்றவை தப்பும். மூலச் சாவி கணினியில் இருக்காது, கருவிக்குள் சிம் அளவில் செருகிய இன்னொரு பாதுகாப்பு அட்டைக்குள் இருக்கும். வெளியூரிலிருந்து வாங்கும் புது அட்டைகள் பலவற்றில், எல்லோருக்கும் தெரிந்த சோதனைச் சாவிதான் போட்டிருக்கும். அதை மாற்றாமலே ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டுப் போன ஒப்பந்தக்காரரின் அட்டைகளை ஓர் ஆலையில் நான் பார்த்தேன். பூட்டு மாட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட வீடு அது.

ஐந்தாவது ஆள்

ஒதுக்கிய அறை எண் அட்டையில் இருந்ததால், கேட்டிலேயே கூட்டிப் பார்க்க முடிந்தது. நான்கு பேர் போன அறைக்கு ஐந்தாவது அட்டை வந்தால் சிவப்பு விளக்கு. ஃபோர்மேன்களுக்கு இது பிடித்திருந்தது. விபத்து என்றால் முதலில் கைதாகிறவர்களில் அவர்களும் உண்டு. தீபாவளிக்கு முந்திய மாதங்களில்தான் பிரச்சினை. ஆர்டர் குவிந்து கிடக்கும்போது ஓர் ஆலையின் ஆபீஸிலிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, சீசன் முடியிற வரைக்கும் அந்தச் சிவப்பு லைட்டு பேசாம இருக்கட்டும். கணக்குல நாலுன்னே காட்டட்டும்."

நிரலில் ஒரு வரியை மாற்றினால் முடிகிற வேலை. மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஆண்டு அந்த ஒப்பந்தம் வேறொருவருக்குப் போனது. அவர் மாட்டிய கருவிக்குச் சிவப்பு விளக்கே இல்லை. பிறகு வந்த ஆலைகளில் நான் வேறு வழி எடுத்தேன். வரம்பை மீறி உள்ளே விட வேண்டுமா, விடலாம். ஆனால் மேலாளர் தன் சொந்த அட்டையைக் காட்டி, கடவு எண்ணை அடித்துத்தான் விட வேண்டும். யார், எப்போது, எந்த அறைக்கு என்பது அவர் அட்டைக்குள்ளேயே, அவராலும் அழிக்க முடியாதபடி விழும். கதவைப் பூட்டியதைவிட இது அதிகம் வேலை செய்தது. தன் பெயர் தன் சட்டைப் பையிலேயே எழுதப்படும் என்று தெரிந்தவர் இரண்டு தடவை யோசிக்கிறார்.

இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். அட்டை கேட்டைத்தான் காக்கும். பின்வேலி வழியாக வருகிறவரை, மரத்தடியில் உட்கார்த்திவைத்த கணக்கில் வராத ஆளை, வீட்டுக்கு மருந்தை எடுத்துப்போய்த் திரி செய்யச் சொல்வதை எந்தச் சில்லும் பார்க்காது. அட்டை இருக்கிறது, ஆகவே பாதுகாப்பு இருக்கிறது என்று ஆய்வுக்கு வருகிறவரிடம் காட்டுவதற்கு மட்டும் அட்டை வாங்கிய இடங்களும் உண்டு.

சில்லு போன பிறகு

நாடு முழுக்கவும் ஒரு காலம் சில்லின் மேல் நம்பிக்கை வைத்திருந்தது. 2008-இல் தொடங்கிய தேசிய சுகாதாரக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு சில்லு அட்டை. ஐந்து பேர் வரை, ஆண்டுக்கு 30,000 ரூபாய் காப்பீடு, பதிவுக்கு 30 ரூபாய். ஊருக்கே கருவியோடு போய் அங்கேயே அட்டையை அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இணையம் இல்லாவிட்டாலும் அட்டையே சாட்சி. இஎஸ்ஐ தன் தொழிலாளர்களுக்கு 'பெஹ்சான்' என்று அட்டை கொடுத்தது. ஓட்டுநர் உரிமத்துக்கென ஐஐடி கான்பூரும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து 'ஸ்கோஸ்டா' என்ற இயங்குதளத் தரத்தையே உருவாக்கின. பிறகு ஆதாரும் செல்போன் சிக்னலும் பரவின. 2018-இல் ஆயுஷ்மான் பாரத் வந்தபோது சில்லுக்கு அதில் வேலை இல்லை. 2017-இல் தமிழ்நாடு அரசு கொடுத்த ஸ்மார்ட் ரேஷன் கார்டில் சில்லே கிடையாது. க்யூஆர் கட்டம் அச்சிட்ட பிளாஸ்டிக் அது, விவரம் எல்லாம் சர்வரில். சில்லு இன்று உறுதியாக நிற்கும் இடங்களில் ஒன்று வங்கி அட்டை. 2018 டிசம்பர் 31-க்குள் காந்தப்பட்டை அட்டைகளைச் சில்லு அட்டைகளாக மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி கெடு வைத்தது.

எல்லாவற்றையும் சர்வரிடம் கேட்பது மலிவு, திருத்துவதும் எளிது. கார்டு தொலைந்தால் அரைமணி நேரத்தில் புதிது அடிக்கலாம். ரேஷன் கடைக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், சிக்னல் வரும் வரை பத்து நிமிடம் காத்திருந்தால் அரிசி எங்கும் ஓடிவிடாது. பட்டாசு ஆலை அப்படி இல்லை. டவர் இல்லாத கரிசல் காட்டில், கரண்ட் இல்லாத மதியத்தில், அந்தக் கேட்டில் என்ன நடந்தது என்பதை அந்தக் கேட்டே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதனால் இந்த வேலைக்கு இன்றும் சில்லுக்குத்தான் என் ஓட்டு.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜாவாவை எந்தக் கல்லூரியிலும் கற்கலாம். 6985 என்று மறுக்க அட்டைக்குக் கற்றுக்கொடுத்த பிறகு, "அதை மட்டும் எடுத்துடுங்க" என்று ஒருநாள் போன் வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, விபத்துப் பட்டியலில் கைவைக்க மாட்டேன் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: சம்பளக் கணக்கில் பத்து ரூபாய் பிசகினால் சனிக்கிழமை சரிசெய்யலாம். ஆள் கணக்கில் ஒருவர் பிசகினால் சரிசெய்ய எந்தக் கிழமையும் கிடையாது.